கீரைக்கூடையும் தலைப்பாரமும்

வெள்ளி, இரவு.

ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகும் தலைக்குள் அந்தப் பாரம் அப்படியேதான் இருக்கிறது. வலி இல்லை, யாரோ உள்ளே உட்கார்ந்து அழுத்துவது போல.

இன்று நெமிலிச்சேரி ஸ்டேஷனில் கீரை விற்கும் அம்மா, "முட்டி புட்ச்சிக்கினு கீதும்மா, கூடைய மேல ஏத்தி வுடேன்" என்றார். கையால் முடியாமல் தலையில் வைத்துப் படியேறினேன். பாதியில்தான் உறைத்தது, உள்ளே இருந்த பாரத்தைக் காணோம். மேலே போய்க் கூடையை இறக்கினேன், திரும்ப வந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"இன்னாத்துக்கும்மா சிரிக்கிற?"

வீட்டுக்கு வந்ததும் அரிசிப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு சமையலறையில் நின்றேன். என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். தோளில் கிடந்த துண்டைச் சுருட்டிப் பைக்கு அடியில் வைத்தார்.

"சும்மாடு இல்லாம தூக்குனா கழுத்தும் போய்டும்."