முதல் கோடு

அன்புள்ள அண்ணிக்கு,

நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், மனம் வரவில்லை. நீங்களாவது நன்றாக இருங்கள்.

உங்கள் தம்பியை வீட்டில் பூட்டிவைத்து மறதிக்காரப் பட்டம் கட்டுகிறேன் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லியிருக்கிறீர்கள். சின்ன வயதில் விழுந்து முட்டி உடைத்துக்கொண்டதைக்கூடப் போனில் சொல்கிறாரே, அவருக்கு என்ன கேடு என்று கேட்டீர்களாம்.

ஆஸ்பத்திரியில் அவருக்கு ஞாபகப் பரிசோதனை செய்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன். ஒரு படத்தைக் கொடுத்து, பார்த்து வரையச் சொன்னாள் பரிசோதனை செய்த பெண். பெரிய கட்டம், உள்ளே குறுக்குக் கோடுகள், ஓரத்தில் ஒரு குட்டி முக்கோணம். இருபத்தாறு வருஷம் வீட்டு வரைபடம் போட்ட மனுஷர். "வெளிக்கோட்டை முதல்ல போடாதவன் கையை உடைக்கணும்" என்று ஆபீஸில் சத்தம் போட்டவர். அவர் முக்கோணத்தில் ஆரம்பித்தார். பிறகு எங்கேயோ ஒரு கோடு, இன்னொரு மூலையில் பாதிக் கட்டம். அரை மணி நேரம் கழித்து, படம் இல்லாமல் ஞாபகத்திலிருந்து வரையச் சொன்னாள். முக்கோணத்தை மட்டும் போட்டு, முடிந்தது என்று பென்சிலைக் கீழே வைத்தார்.

ஞாபகம் போய்விட்டதா என்று கேட்டேன். அதைவிட, எது முதலில், எது அடுத்து என்று திட்டம் போடும் திறன்தான் தளர்ந்திருக்கிறது என்றாள். ஒழுங்கில்லாமல் உள்ளே போனதைத் திரும்ப எடுக்க முடியாதாம். வேறொரு படத்தை, வெளிக்கோட்டில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகச் சொல்லி வரையவைத்தாள். அதில் பாதிக்கு மேல் ஞாபகம் வைத்திருந்தார். கூடவே ஒருவர் இருந்து வரிசை சொல்ல வேண்டும், தனியே விடக் கூடாது என்றாள்.

இதை உங்களிடம் சொன்னபோது சிரித்தீர்கள். அதோடு விட்டீர்களா? போன செவ்வாய்க்கிழமை வேறு வழியில்லாமல் நான் வேலைக்குப் போன நேரம் பார்த்து, அவருக்குப் போன் செய்து, "அவகிட்ட சொல்லாம கிளம்பி வாடா" என்றீர்கள். அக்கா சொன்னால் அவருக்கு வேதவாக்கு. பஸ் மாறுகிற இடத்தில் ஐந்து மணி நேரம் வெயிலில் உட்கார்ந்திருந்தார். டிக்கெட் பரிசோதகர் ஒருவர்தான் எனக்குப் போன் செய்தார். போய்ப் பார்த்தால் கால்சட்டை நனைந்திருந்தது. உங்கள் வீட்டு கேட்டின் நிறத்தையும் படிகளின் எண்ணிக்கையையும் சரியாகச் சொன்னார். அடுத்த பஸ் ஏற வேண்டும் என்பது மட்டும் அவருக்குத் தோன்றவே இல்லை.

உங்களை என்னால் மன்னிக்க முடியவில்லை, அண்ணி. என்னையும்தான். வேண்டுமென்றே மறக்கிறார் என்று இரண்டு வருஷம் வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன்.

இன்றைக்கும் பையோடு வாசலில் உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் கூப்பிட்டதை மட்டும் மறக்கவில்லை. இனி அவரைக் கூப்பிடாதீர்கள், நீங்கள் வாருங்கள். சோறு போட்டுவிட்டுத்தான் சண்டை போடுவேன். சின்னவள் இப்படி எழுதலாமா என்று கோபம் வந்தால், அதை நேரில் வந்தே கேளுங்கள்.

உங்கள் தம்பி மனைவி