விருப்பமில்லை என்று எழுதிக் கொடுத்தவன்

சேசு மரி சூசை

தூத்துக்குடி,
பிப்ரவரி 11.

பாசமுள்ள மகள் டெல்பினுக்கு,

மாதா காவலில் நானும் அம்மாவும் இங்கே நன்றாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளை ஃபிராங்க்ளினும் உன் வயிற்றிலிருக்கிற ஆறு மாதத்து ஆளும் அந்த அயர்லாந்துக் குளிரில் நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் காலை மாலை ஜெபம். முதல் வரியில் எல்லாரும் சுகம் என்று எழுதிவிட்டு மூன்றாம் பக்கத்தில் ஆஸ்பத்திரிக் கதை சொல்லுகிறவர் அப்பா என்று நீ கேலி செய்வாயே, இந்தத் தடவை அப்படி இல்லை, யாருக்கும் சீக்கு இல்லை, என் சுகர்கூட சொன்ன பேச்சு கேட்கிறது. ஆனாலும் இது சும்மா எழுதுகிற கடிதமும் இல்லை. போன் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள், எனக்கோ ஸ்பீக்கரை அணைக்கத் தெரியாது. வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால் தோணியில் கயிறு இழுத்துத் தடித்த விரல், ஒரு எழுத்தைத் தொட்டால் மூன்று எழுத்து விழுகிறது. போன வாரம் ஒரு துக்க வீட்டுக்கு இரங்கல் அனுப்பப் போய் அதன் கீழே கை தட்டுகிற பொம்மையும் சேர்ந்து போய்விட்டது. அதனால்தான் பேனாவை எடுத்தேன். பொறுமையாக உட்கார்ந்து படி.

விஷயம் அம்மாவைப் பற்றியது. பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்து, மே இருபதாம் தேதி வாக்கில் பிரசவம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அம்மா மாதத் தொடக்கத்திலேயே வந்து மூன்று மாதம் கூட இருக்க வேண்டும், மார்ச் கடைசிக்குள் டிக்கெட் போட்டுவிடுவோம் என்று சொன்னாய். அங்கே உனக்கு வேலை ஏதும் இல்லையே அம்மா என்றும் கேட்டாய். "எனக்கென்ன வேலை இருக்கு பிள்ளை, நீ டிக்கெட்டப் போடு, நான் ஓடி வாரேன்" என்றாள். நான் பக்கத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். போனை வைத்ததும் சிரித்தாள், அழுதாள், உனக்குக் கொண்டுவர வேண்டிய மருந்துப் பொடிக்கும் கருவாட்டுக்கும் பட்டியல் போட்டாள். அந்தச் சந்தோஷம் பொய்யில்லை மகளே, அதை நீ ஒருபோதும் சந்தேகப்படக் கூடாது. ஆனால் மறுநாள் சாயங்காலம் பார்க்கிறேன், அவள் படிக்கிற மேசை துடைத்துவிட்ட மாதிரி இருக்கிறது. புத்தகம், நோட்டு, நீ அனுப்பிய கலர் பேனா எல்லாம் ஓர் அரிசிச் சாக்கில் கட்டிப் பரண்மேல் ஏறிவிட்டன. மேசையில் மடித்த துணி. ஜூன் இரண்டாம் தேதி அவளுக்குக் கடைசிப் பரீட்சை தொடங்குகிறது, நான்கு பேப்பர், இருபதாம் தேதி முடிகிறது. அதை அவள் உன்னிடம் சொல்லவில்லை. உன்னிடம் மூச்சு விடக் கூடாது என்று என்னிடமும் சத்தியம் கேட்டாள். நான் வாயில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, விழுங்காமல், பதில் சொல்லாமல் தப்பித்தேன்.

அம்மா டிகிரி படிக்கிறாள் என்பது உனக்குத் தெரியும். வீட்டில் பொழுது போகாமல் படிக்கிறாள் என்று நீ நினைத்திருப்பாய், நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன். சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. மூன்று வருடத்துப் படிப்பு, தொலைநிலைக் கல்வி என்பதால் ஆறு வருடம் வரை இழுக்கலாம், அதற்கு மேல் கிடையாது. முதல் வருடத்தைக் கொரோனா தின்றது. அடுத்து உன் கல்யாண அறிவிப்பு ஓலையைக் கோயிலில் வாசித்த வாரமும் அவள் பரீட்சையும் ஒன்றாக வந்தன, அவள் கல்யாண வேலை பார்த்தாள். அதற்கடுத்து நான். முப்பது வருடத்துக்கு மேல் தோணியிலும் கன்டெய்னர் யார்டிலும் விழாமல் வேலை பார்த்த வீரன், வீட்டுக் குளியலறையில் சோப்பை மிதித்துக் காலை ஒடித்துக்கொண்டேன். மூன்று மாதம் என்னைத் தூக்கி உட்கார வைத்ததில் அந்த வருடமும் போனது. எண்ணிப் பார்த்தால் ஒவ்வொரு தடவையும் குறுக்கே வந்து நின்றது நாம்தான். இந்த ஜூனையும் விட்டால் பதிவே ரத்து. மறுபடி முதல் வருடத்திலிருந்து சேர வேண்டும், ஐம்பத்தொரு வயதில்.

ஞாயிறுதோறும் அவளுக்குச் சாயர்புரத்தில் வகுப்பு. விடிகாலைப் பூசை முடிந்த கையோடு ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவேன், சாயங்காலம் வரை வேப்ப மரத்தடியில் இருந்து கூட்டிக்கொண்டு வருவேன். அங்கே மகளைக் கொண்டுவந்து விட்ட தகப்பன்மார் நாலைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். எந்த வகுப்பு உங்க பொண்ணு என்று ஒருவர் கேட்டார், கறுப்புக் கண்ணாடி போட்ட அந்தப் பெண் என்று உன் அம்மாவைக் காட்டினேன், அதற்குப் பிறகு அவர் என் பக்கத்தில் உட்காருவதில்லை. யார்டில் என்னோடு வேலை பார்த்த ரெக்ஸ் டீக்கடையில் என்னைக் கண்டால் விடமாட்டான். "ஓய் கஸ்பாரு, பிள்ளையப் பள்ளிக்கூடத்துல விட்டாச்சா? தலையப் பின்னி, பூ வச்சி விட்டீரா?" என்பான். தலை பின்ன இன்னும் பழகவில்லை, சோற்று டப்பா மட்டும் கட்டுகிறேன் என்று நானும் சொல்லுவேன். ஒரு நாள் நானே அவளிடம் கேட்டேன், இந்த வயதில் டிகிரி வாங்கி என்ன செய்யப் போகிறாய் என்று. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நீங்க முப்பது வருசமா கடலுக்கும் யார்டுக்கும் போனியளே, என்னத்துக்குப் போறியன்னு ஒருத்தராவது கேட்டாவளா?" என்றாள். நான் சோற்று டப்பாவைக் கழுவப் போய்விட்டேன்.

போன ஞாயிறு நாங்கள் வகுப்புக்குப் போகவில்லை. மத்தியானம் அவளோடு படிக்கிற பெனிஷா என்கிற சின்னப் பெண் போன் செய்தாள். துணிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டு படிக்கிற பிள்ளை, அம்மாவை அக்கா என்றுதான் கூப்பிடும். அக்கா, ஏன் வரலை, பரீட்சைக்கு விண்ணப்பம் போட்டாச்சா, மார்ச் முப்பத்தொண்ணு கடைசி என்று அது கத்துவது எனக்கே கேட்டது. அம்மா மெதுவாகச் சொன்னாள், "இல்ல பிள்ளை, இப்ப எனக்குப் படிக்க விருப்பமில்லாமப் போச்சு." சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் தட்டை ஒதுக்கிவிட்டு எழுந்துவிட்டேன். ஏனென்றால் அது அவள் வார்த்தை இல்லை. அது என் வார்த்தை. இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்றை இப்போது சொல்லியாக வேண்டும்.

எனக்குப் பத்தாவது வரைதான் படிப்பு, அதுவும் இரண்டாம் தடவையில் தேறினது. உன் அம்மாவைப் பெண் கேட்டுப் போனபோது அவள் கல்லூரியில் இரண்டு வருடம் முடித்திருந்தாள். ஒரு வருடம்தான் பாக்கி, அதை முடிக்க விடுவீரா என்று உன் தாத்தா கேட்டார். உபதேசியாரும் பெரியவர்களும் இருந்த சபையில், விடுவேன் என்று வாக்குக் கொடுத்துத்தான் கட்டினேன். அப்போது நான் மாலத்தீவுக்கு வெங்காயமும் ஜல்லியும் ஏற்றிப்போகிற தோணியில் இருந்தேன். கல்யாணம் முடிந்து தோணியில் ஏறினதும் ஆள்கள் பிடித்துக்கொண்டார்கள். "ஏலே, அவ டிகிரி வாங்கிட்டான்னா நீ காலையில எந்திச்சி காப்பி போட்டு அவ கையில குடுக்கணும்லே" என்று ஒருவன் சொல்ல, கடல் முழுக்க அதே சிரிப்பு. எனக்கு அப்போது இருபத்தாறு வயது, மீசையில் மட்டும் அறிவு இருந்தது. கரைக்கு வந்த மூன்றாம் நாள், அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கல்லூரி ஆபீஸுக்குப் போய் அவள் டி.சி.யைக் கேட்டேன். காரணம் எழுதிக் கொடுங்கள் என்றார்கள். "மாணவிக்கு மேற்கொண்டு படிக்க விருப்பமில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தக் காலத்தில் புருஷன் கையெழுத்துக்கு அவ்வளவு மரியாதை. என் ஆயுளில் நான் பிழையில்லாமல் எழுதின ஒரே வாக்கியம் அதுதான் மகளே, அது பொய்.

டி.சி.யில் அதையே அச்சு மாதிரி டைப் அடித்துக் கொடுத்தார்கள். அம்மா வாங்கிப் படித்தாள், நாலாக மடித்தாள், பெட்டிக்குள் சேலைக்கு அடியில் வைத்தாள், சோறு எடுத்து வைக்கட்டுமா என்று கேட்டாள். அவ்வளவுதான். சண்டை போடாததால் சம்மதம் என்று நான் எடுத்துக்கொண்டேன். அடுத்த வாரம் தோணி ஏறினேன். நீ பிறந்தபோதும் நான் கடலில்தான். நாற்பத்தெட்டாம் நாள்தான் உன் முகத்தைப் பார்த்தேன், என்னைக் கண்டதும் வீறிட்டு அழுதாய். பிறகு ஆறு வருடம் முன்பு அவள் இந்தப் படிப்பில் சேரப் போனபோது பழைய டி.சி. வேண்டும் என்றார்கள். பெட்டியிலிருந்து அதை எடுத்துக் கொடுத்தாள். கவுண்டரில் இருந்த பையன் அதைச் சத்தமாகவே படித்துவிட்டு, "படிக்க விருப்பமில்லைன்னு போட்டிருக்கே, இப்ப எப்படிம்மா விருப்பம் வந்துச்சு?" என்று விளையாட்டாகக் கேட்டான். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அம்மாவும் கூடச் சேர்ந்து சிரித்தாள். நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் அன்றைக்கு என்ன திருநாள் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பி வரும்போது உப்பளத்துக்கு நடுவே வண்டியில் பின்னால் இருந்து சொன்னாள், "டைப் அடிச்சிருந்தாலும் அது நீங்க சொன்னதுதான்னு அன்னைக்கே தெரியும். என் வாயில வராத சொல்லு, வேற யாரு சொல்லியிருப்பா." வண்டி ஓட்டுகிறவன் திரும்பிப் பார்க்க முடியாது, அது அன்றைக்கு எனக்கு வசதியாக இருந்தது. மன்னிப்புக் கேட்டேனா என்றால், ஹெல்மெட்டுக்குள் ஏதோ முனகினேன், அவள் காதில் விழுந்திருக்காது. மறுநாள் காலையில் எழுந்து காப்பி போட்டு அவள் கையில் கொடுத்தேன். இன்றுவரை நான்தான் போடுகிறேன். தோணியில் அவன் சொன்னது அப்படியே நடந்துவிட்டது, என் மீசை ஒன்றும் கொட்டிப்போகவில்லை.

அன்றைக்கு நான் எழுதின பொய்யை இன்றைக்கு அவள் தன் வாயால் சொல்லும்படி ஆகிவிட்டதே என்றுதான் இந்த நாலு நாளாக எனக்கு உறக்கம் சரியில்லை. யோசித்து ஒரு வழி வைத்திருக்கிறேன். மே முதல் வாரம் அம்மாவுக்குப் பதிலாக நான் வருகிறேன். பாஸ்போர்ட்டுக்கு இன்னும் ஏழு வருடம் உயிர் இருக்கிறது, எனக்கும் அவ்வளவு இருக்கும் என்று நம்புகிறேன். அம்மா பரீட்சையை முடித்துவிட்டு ஜூன் கடைசியில் வரட்டும். சமையலுக்குப் பயப்படாதே, பதினாறு வயதில் நான் தோணியில் ஏறினதே சமையல்காரனாகத்தான், அடுப்பு ஆடினாலும் பதினோரு பேருக்குப் பொங்கிப் போட்டவன். அம்மா சந்தைக்குப் போகிற நேரம் பார்த்து அடுத்த வீட்டு அருணாசலவடிவு அக்காவிடம் பிரசவ மருந்து கிண்டப் பழகுகிறேன். முதல் நாள் நான் வைத்த பூண்டுக் குழம்பை நாக்கில் வைத்துவிட்டு, "அண்ணாச்சி, இது பிள்ள பெத்தவளுக்கா, இல்ல நங்கூரம் இழுக்கவனுக்கா? உறப்பக் குறைங்க" என்றார்கள். இப்போது தேறிவிட்டேன் என்கிறார்கள். சுறாப் புட்டும் சரியாக வருகிறது, அங்கே சுறா கிடைக்குமா என்று மாப்பிள்ளையை விசாரிக்கச் சொல். பிள்ளையைக் குளிப்பாட்ட மட்டும் எனக்குத் தெரியாது. நீ நர்ஸ், சொல்லிக் கொடு. பிறந்த முதல் நாளில் ஒரு பிள்ளையைக் கையில் வாங்கினது என் ஆயுளில் கிடையாது.

ஆனால் இதையும் தெரிந்துதான் எழுதுகிறேன். அந்த நேரத்தில் எந்த மகளும் தகப்பனைத் தேட மாட்டாள். வலி வரும்போது அம்மா என்றுதான் கூப்பிடுவாய், அறைக்கு வெளியே நான் நின்று என்ன பிரயோஜனம். அம்மாதான் வேண்டும் என்று நீ சொன்னால் அது நியாயம், நானும் உன்னைக் குறை சொல்ல மாட்டேன், அவள் முகம் கோணாமல் வருவாள். தெரியாமல் அவளைக் கூப்பிட்டுவிட்டேனே என்று பின்னால் ஒரு நாள் நீ வருத்தப்படக் கூடாது, அதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன். அவள் பரீட்சை எழுதட்டும் என்று நினைத்தால், பரவாயில்லை அம்மா நீ படி என்று மென்மையாகச் சொல்லாதே, உன் மனம் நொந்துவிட்டது என்று உடனே பெட்டியைக் கட்டிவிடுவாள். ஜூன் இருபத்தைந்துக்குத்தான் டிக்கெட், பரீட்சை எழுதாமல் இங்கே வந்து நிற்காதே என்று அதட்டிச் சொல். நீ அதட்டினால் மட்டும்தான் கேட்பாள்.

இவ்வளவையும் எழுதி, படித்துப் பார்த்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. முப்பத்தொரு வருடம் முன்பு அவளைக் கேட்காமல் அவளுக்காக ஒரு காகிதம் எழுதினேன். இப்போதும் அதையேதான் செய்துகொண்டிருக்கிறேன், அவள் நல்லதுக்கு என்று. அன்றைக்கும் நல்லதுக்கு என்றுதான் சொல்லிக்கொண்டேன். ஆகையால் இதை நான் தபாலில் போடப் போவதில்லை. பரணிலிருந்து சாக்கை இறக்கி, புத்தகத்தை மேசையில் பழையபடி அடுக்கி, இந்தக் காகிதத்தை மேலே வைத்து, விலாசம் எழுதாத ஒரு வெறும் கவரையும் பக்கத்தில் வைத்துவிட்டு, கடற்கரைப் பக்கம் நடந்துவிட்டு வருவேன். கிழித்துப் போட்டால் அது அவள் பாடு, நான் ஏன் என்று கேட்க மாட்டேன். இந்தத் தடவை அவளுக்காக யாரும் எழுத வேண்டாம்.

வழுக்குகிற தரையில் பார்த்து நட, இரும்புச்சத்து மாத்திரையை வாந்தி வருகிறது என்று நிறுத்திவிடாதே, மாப்பிள்ளையிடம் இரவு வேலைக்கு அதிகம் போக வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். மாதா உன்னையும் பிள்ளையையும் தன் மேலாடைக்குள் வைத்துக் காக்கட்டும், உன் நெற்றியில் என் பெருவிரலால் ஒரு சிலுவை. மறக்காமல் ஒன்று செய், இதைப் படித்து முடித்ததும் கவரைத் திருப்பி விலாசத்தைப் பார். என் இங்கிலீஷ் எழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கும், உனக்குத் தெரியும். அது உருண்டையாக, அழகாக, கோடு போட்டது மாதிரி நேராக இருந்தால் உடனே அம்மாவுக்குப் போன் போடு.

உன் அப்பா,
கஸ்பார் ரோச்