பார்க்கில கிண்டத் தட்டகப்பை

யூலை 8, செவ்வாய்
வெக்கை. ரவி வந்தவன், மனிசியின்ர தம்பி. ஞாயிறு பழைய மாணவர் ஒன்றுகூடலில கயிறிழுக்கேக்க கலியாண மோதிரம் கழண்டு பார்க்கில விழுந்திட்டுதாம். பெண்சாதி சுபா வெள்ளி ஊரால வாறா. அவவுக்குத் தெரியாது.
என்ர மெற்றல் டிடெக்டரைத் தகரம் பொறுக்கிற மெசின் எண்டு சிரிக்கிறவன். இண்டைக்கு, "அத்தான், உங்கட மெசின்..." எண்டு இழுத்தான். இப்பிடியும் ஒரு நாள் வருமெண்டு நினைக்கேல்லை. (இதுவரை பிடிச்சது: பியர் மூடி, ஒரு வாளி.)

யூலை 9, புதன்
பிரச்சினை மெசின் இல்லை, கிண்டுறது. சிற்றி ஒபிசுக்குப் போன் அடிச்சு, பார்க்குக்குக் கத்தி கொண்டுபோகலாமோ எண்டு கேட்டன். கடையில அதுக்குப் பேரே கிண்டுற கத்திதானே. போன் எடுத்த பிள்ளை மெதுவா, "சேர், நீங்கள் தனியவோ நிக்கிறீங்கள்?"
விளக்கப்படுத்தி முடிய நாக்கு வறண்டிட்டுது. முடிவு: அந்தப் பார்க்கில மெசின் ஓம். மண்வெட்டி, கூர், பல்லு வைச்சது ஆகாது. சின்னக் கைச்சாமான் சரி. புல்லுச் சாகப்படாது.
கடையில பார்த்தது:
மடக்கு மண்வெட்டி. தூக்கினா ஆமிக்காரன் மாதிரி.
பல்லுக்கத்தி, இடுப்பு உறையோட. மனிசி: "உதோட போனா மெசினுக்கு முந்திப் பொலிஸ் சத்தம் போடும்."
திருப்புளி. குத்தலாம், புல்லைக் கிளப்பேலாது.
பின்னேரம் தோசை. மனிசி திருப்பிறதைப் பார்த்துக்கொண்டிருந்தன். தட்டகப்பை! மொட்டை, மெல்லிசு, நல்ல பிடி. தரேலாது எண்டா. உன்ர தம்பியின்ர குடும்பம் எண்டன். தந்தா.

யூலை 10, வியாழன்
இரவு மழை, மண் பதம். காலமை திரும்பச் சிற்றிக்குப் போன். அதே பிள்ளை. தோசையில இருந்து தொடங்கிச் சொன்னன். சிரிச்சா. ஓமாம்.
ரவியும் நானும் பார்க்கில. முதல் சத்தம், மூடி. அடுத்ததும் மூடி. ரவி சிரிக்கேல்லை, பாவம். பிறகு, கயிறிழுத்தவை குதிக்கால் ஊண்டின இடத்தில ஒரு துப்புரவான சத்தம். விளிம்பை முதல் கிளப்பி, சுத்திவர விட்டு, ஒரே திருப்பு. புல்லுப் பிய்யேல்லை. வேருக்குள்ள மஞ்சளா மினுங்கிச்சுது.
ரவி ஈரப் புல்லில அப்பிடியே இருந்திட்டான். நாயோட நடந்த வெள்ளைக்கார அம்மா கைதட்டினா. நான் வெக்கமில்லாமல் குனிஞ்சு வணக்கம் வைச்சன். புல்லைத் திரும்பப் போர்த்து மிதிச்சன். எங்க கிண்டினதெண்டு எனக்கே தெரியாது. பள்ளிக்கூடத்தில ஒரு பரிசும் எடுக்காதவன் நான்.

யூலை 11, வெள்ளி
எயார்போட். சுபா வந்திட்டா. ரவி எல்லாப் பெட்டியையும் மோதிரக் கையாலேயே தூக்கினான். கொஞ்சம் கூடிப்போச்சு. சுபா கையைப் பிடிச்சுப் பார்த்தா.
"உதென்னப்பா, மோதிரத்துக்குள்ள சேறு?"
அத்தானின்ர தோட்டத்தில உதவி செய்தனான் எண்டான்.
நாங்கள் இருக்கிறது மல்வேர்னில, ஒன்பதாம் மாடி.