இணைப்பை அறுத்தது உன் அப்பா இல்லை

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். கோபம்தான் தலைக்கேறி நிற்கிறது. போனில் சொன்னால் நடுவிலேயே அழுதுவிடுவேன், நீயும் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம். பழைய கம்ப்யூட்டரில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்துவிட்டு, இனிமே பறக்கும் பாரும்மா என்று பீற்றிக்கொண்டு போனாயே, பறந்தது, இல்லை என்று சொல்லவில்லை. டாக்டர்கள் பேசி அனுப்புவதை அதில்தான் தட்டச்சு செய்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறேன். ஆனால் சாயங்காலமானால் இணைப்பு போகும், வரும், மறுபடி போகும், பாதி அறிக்கை அந்தரத்தில் நிற்கும். இன்னொரு தடவை இப்படி ஆனால் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று மேலாளர் கறாராகச் சொல்லிவிட்டார். உன்னைக் கேட்டால் மோடத்தை அணைச்சுப் போடும்மா என்பாய், அணைத்துப் போட்டுக் கையே ஓய்ந்துவிட்டது. கடைசியில் என்ன சொன்னாய், அப்பா வந்தப்புறம்தானே போகுது, அவர்தான் எதையாவது நோண்டுறார் என்றாய். போன் ஸ்பீக்கரில் இருந்தது. அவர் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

அன்றிலிருந்து அந்த மனுஷன் வேலை முடிந்து நேராக வீட்டுக்கு வருவதில்லை. நான் கம்ப்யூட்டரை மூடும்வரை தெருமுனை பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருக்கிறார். கேட்டால், நான் இல்லேன்னா உன் வேலை ஒழுங்கா நடக்குதில்ல என்கிறார். அது உண்மையாகவும் இருந்தது, அதுதான் வயிற்றெரிச்சல். போன வாரம் போனை மறந்து வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். ஆள் இல்லை, ஆனாலும் இணைப்பு போய்ப் போய் வந்தது. எனக்குப் பொறி தட்டியது. அவர் போனை அணைத்தேன், எல்லாம் ஒழுங்காக ஓடியது. போட்டேன், மறுபடி மக்கர். நீ சொல்லிக் கொடுத்த கட்டளையை அந்தக் கறுப்புத் திரையில் அடித்துக் கம்ப்யூட்டரின் ஐ.பி. முகவரி எண்ணைப் பார்த்தேன், அவர் போனின் ஐ.பி. எண்ணையும் தேடிப் பார்த்தேன். இரண்டுக்கும் ஒரே எண்! ஒரே கதவிலக்கத்தில் இரண்டு வீடு இருந்தால் தபால்காரர் யாரிடம் கொடுப்பார்? மோடம்தான் அதில் இணைகிற எல்லாவற்றுக்கும் தனித்தனி எண் கொடுக்கிறதே, கம்ப்யூட்டருக்கு மட்டும் கையால் ஒரு நிரந்தர எண்ணைப் போட்டது யார்? நீதான் மகராசா. மோடத்துக்கு அது தெரியாது, அதே எண்ணை அவர் போனுக்கும் தூக்கிக் கொடுத்திருக்கிறது. கம்ப்யூட்டரும் மோடத்திடமே எண்ணைத் தானாக வாங்கிக்கொள்ளும்படி மாற்றி வைத்தேன், அப்புறம் ஒரு தடவைகூடப் போகவில்லை.

உடனே செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு ஓடி, வாங்க, சரியாயிடுச்சு, தப்பு உங்க மேல இல்ல என்றேன். பையன் அப்படிச் சொன்னானா என்று கேட்கிறார். நான் ஆறுதலுக்குச் சொல்கிறேனாம். நேற்று மழையிலும் அங்கேயேதான் இருந்தார், இப்போது இருமல் வேறு. நீ சொன்னால்தான் அவருக்கு அது உண்மை. அந்த நம்பிக்கையைப் பார்க்கப் பார்க்கத்தான் உன்மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

என் கோபம் என் ஆசீர்வாதத்துக்குக் குறுக்கே வராது, நீ நன்றாக இரு, கண் விழித்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. இதைப் படித்ததும் எனக்குப் பேசாதே, அவருக்குப் பேசு. தப்பு என்னோடதுதாம்பா, வீட்டுக்குப் போங்க என்று சொல். சாயங்காலமாகப் பார்த்துப் பேசு, அப்போது அங்கேதான் உட்கார்ந்திருப்பார்.

இப்படிக்கு,
உன் அம்மா