நாற்பத்தொன்று என்று வாசித்தேன்

1934 மார்ச் 6, செவ்வாய். வில்லியனூர்.

இன்று மூன்றாவது இடம். புதுச்சேரியில் ஒரு சாராய டிப்போ. உள்ளே நுழைந்ததுமே, “பெரியவரே, உக்காருங்க” என்றார்கள். வேலை கேட்டு வந்தவனை உட்காரச் சொன்னால் வேலை இல்லை என்று பொருள். இந்த மாதம் மட்டும் மூன்று நாற்காலிகளில் உட்கார்ந்துவிட்டேன்.

ஜவுளிக்கடையில் இருபத்தாறு வருஷம் குமாஸ்தாவாக நின்றவன் நான். செட்டியார் கண்ணை மூடினார், பிள்ளைகள் கடையை மூடினார்கள். எனக்கு ஐம்பத்து மூன்று. வீட்டில் மனைவி சபுராவிடம், “நாளைக்கு வரச் சொன்னாங்க” என்றேன். “எந்த நாளைக்கு?” என்றாள்.

மார்ச் 12

ஊரிலேயே புதிதாக ஒரு ரைஸ் மில். வாசலில் பலகை: ‘நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்கள் வர வேண்டாம்.’ போனேன். எழுத்து வேலைக்கு மனு எழுதிக் கொடுத்தேன், வயதை உள்ளபடி எழுதி. வேறு எழுதக் கை வரவில்லை.

முதலாளி தங்கவேல் முதலியாருக்கு எழுபத்திரண்டு. “வயசானவங்க வேணாம் பாய். கண்ணு தெரியாது, காது கேக்காது, சொன்னதையே சொல்லினு இருப்பாங்க” என்றார். இதை மூன்று முறை சொன்னார்.

என் மனுவைக் கையை நீட்டித் தூரத்தில் பிடித்தார். மூக்கருகே கொண்டு வந்தார். மறுபடி தூரத்தில்.

“எழுத்து நல்லாத்தான் கீது. வாசிப்பு எப்படின்னு பாக்கணும். நீயே வாசி.”

வாசித்தேன். வயது என்ற இடம் வந்தது. நாற்பத்தொன்று என்று வாசித்தேன்.

“அதான் வேணும்! நாளைக்கே வந்துடு.”

அல்லாவுக்கு என் வயது தெரியும். முதலாளிக்கு எதற்கு?

ஏப்ரல் 2

வந்த காகிதம் எல்லாம் என் வாய் வழியாகத்தான் முதலியார் காதுக்குப் போகிறது. சைகோனில் இருக்கும் மகன் செல்லக்கண்ணுவின் கடிதம்கூட. “உன் குரல் தெளிவா கீது, அதான்” என்பார். முப்பத்தெட்டு வயது காவல்காரர் என்னை மூன்றே வயது மூத்த அண்ணனாகப் பார்க்கச் சிரமப்படுகிறார், பாவம்.

மே 10

ஆயில் என்ஜினுக்கு ஆள் வேண்டும். ஏழு மனுக்கள். அதில் ஒன்று ஒதியம்பட்டு மரியதாஸுடையது. சிறு வயது முதல் சிநேகிதன். நூல் மில்லில் இருபத்தேழு வருஷம் என்ஜின் பார்த்தவன், போன வருஷம் வெளியே அனுப்பிவிட்டார்கள். மனுவில் ஐம்பத்தேழு என்று எழுதியிருந்தான்.

“ஏன்டா நெஜத்த எழுதன?” என்று வாசலில் கேட்டேன்.

“பொய் எழுதுனா சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணணுமேபா.”

பாவத்தை நான் ஏற்றுக்கொண்டேன். நாற்பது என்று வாசித்தேன். எடுத்துக்கொண்டார்.

மற்ற ஆறு பேரில் ஒருவனுக்கு முப்பது வயது, இரண்டு பிள்ளைகள். அவன் வயதைச் சரியாகத்தான் வாசித்தேன். அவனுக்கு இன்னும் பதினைந்து வருஷம் வாசல் திறந்திருக்கிறது - இப்படி எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஜூன் 21

என் வாசிப்பில், என்னையும் சேர்த்து மில்லில் இப்போது ஐந்து பேருக்கு வயது நாற்பது சொச்சம். ஐவருக்கும் பேரப்பிள்ளைகள்.

ஜூலை 17

செல்லக்கண்ணு சைகோனிலிருந்து கப்பலில் வந்து இறங்கிவிட்டார். நேரே மில்லுக்கு வந்தார். எங்களைப் பார்த்தார்.

“இன்னாப்பா இது, மில்லா சத்திரமா?”

மனுக்களை எடுத்து வரச் சொன்னார். அவருக்குக் கண் நன்றாகத் தெரிகிறது.

“பாய்க்கு அம்பத்து மூணு. என்ஜின்காரனுக்கு அம்பத்தேழு! பேரேட்டுல நாப்பதுன்னு கீதே. நீங்க இதெல்லாம் படிக்கலையாப்பா?”

முதலியாரின் விரல்கள் மேசை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தன. வாயைத் திறந்தால் - கண் தெரியாதவரை ஏமாற்றினேன் என்றா சொல்ல? அதைச் சொன்னால் அவர் கண்ணையும் சொன்னதாகிவிடும்.

“படிச்சேன்” என்றார் முதலியார். “அம்பத்து மூணுன்னுதான் இருந்துது. தெரிஞ்சேதான் எடுத்தேன்.”

“அப்ப வாசல்ல பலகை?”

“அது... வெளியாளுங்களுக்கு.”

ஜூலை 19

தனியாக இருக்கும்போது அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

“அன்னிக்கே தெரியும் பாய். மனு முழுக்க கணீர்னு படிச்ச. வயசுல மட்டும் குரல் எறங்கிடுச்சு.”

“அப்புறம் ஏன் எடுத்தீங்க?”

“எனக்குக் கண்ணு தெரியலன்னு நீ கண்டுக்கின. வெளிய போய்ச் சொல்லல. அது தெரிஞ்சா எம் மவன் என்ன வூட்டுல உக்கார வச்சுடுவான்.”

அவரையும் ஒரு நாற்காலி விரட்டிக்கொண்டிருந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

ஆகஸ்ட் 4

மகன் அவரை வீட்டில் உட்கார வைத்துவிட்டார். “அப்பாவுக்கு வயசாயிடுச்சு, ஓய்வு எடுக்கட்டும்” என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். எங்கள் ஐந்து பேருக்கும் மாதக் கடைசி வரை தவணை. புதுப் பலகையில் நாற்பதுக்கு மேல் வேண்டாம். எழுதிக் கொடுத்தது நான்தான். மில்லில் வேறு யாருக்கும் கையெழுத்து நன்றாக இல்லையாம்.

செப்டம்பர் 3

செல்லக்கண்ணு ஆள் அனுப்பிக் கூப்பிட்டார், போனேன். அப்பா வீட்டில் யாரோடும் பேசுவதில்லை, சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடுகிறார். பேச்சுத் துணைக்கு, பத்திரிகை படித்துக் காட்ட, ஒருவர் வேண்டும்.

“ஆனா அறுபதுக்கு மேல இருந்தாத்தான் அவருக்கு ஒத்துப்போவும். நீங்க சின்ன வயசாச்சே பாய்.”

“அறுபத்திரண்டு” என்றேன். “மனுவுல கொறச்சு எழுதிட்டேன்.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நம்பிவிட்டார்! ஐம்பத்து மூன்றைப் பார்த்து அறுபத்திரண்டு என்று நம்பியதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். சபுரா விழுந்து விழுந்து சிரித்தாள்.

செப்டம்பர் 20

காலையில் முதலியாருக்குப் பத்திரிகை வாசித்தேன். இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டார்.

திரும்பும் வழியில் ஒதியம்பட்டுச் சாலையில் மரியதாஸைப் பார்த்தேன். தலையில் துண்டு, கையில் சுத்தியல். ரோட்டுக்கு ஜல்லி உடைக்கிறான். “இங்க வயசு கேக்கறதில்லபா” என்றான்.