பெயர் சொல்லாத படங்கள்

மார்ச் 4

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே நலம். போனில் பேசினால் சண்டையில் முடிகிறது, கடிதமாவது ஓடட்டும். அக்கா வீட்டு மாடி அறை வசதிதான். எப்போது திரும்பி வருவாய் என்று கேட்டிருக்கிறீர்கள். இன்னும் தெரியவில்லை.

ஞாயிறுதோறும் இயற்கைக் காட்சிகளைப் படமெடுக்கக் கற்றுத்தரும் வகுப்புக்குப் போகிறேன். காலையில் ஏரிக்கரை, மலையடிவாரம் என்று வேனில் போவோம். பிற்பகலில் எல்லோருடைய படங்களையும் மேசையில் பரப்பிப் பேசுவோம். யார் எடுத்தது என்று சொல்லக் கூடாது, அதுதான் சட்டம். போன வாரம் என் படத்தைப் பார்த்து, கூடப் படிக்கும் ஒரு பல் டாக்டர், "பாதி வானம் தண்டம்" என்றார். நான் என்ன செய்தாலும் நீங்கள் "பிரமாதம்" என்று சொல்லிவிட்டு டிவி பக்கம் திரும்புவீர்கள். அவர் முழுதாகப் பார்த்துவிட்டுத் திட்டினார். வீடு வரும்வரை சந்தோஷமாக இருந்தது. சிரிக்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் வாயாடி

ஏப்ரல் 11

என் வாயாடிக்கு,

ஒரு கூத்து கேள். நானும் அந்த வகுப்பில் சேர்ந்துவிட்டேன். "வெல்டிங் பட்டறைக்காரருக்குக் கேமரா எதுக்குய்யா?" என்று மாஸ்டர் சிரித்தார். கோபித்துக்கொள்ளாதே, உன் பக்கத்து சீட்டில் உட்கார மாட்டேன். நீ எதைப் பார்க்கிறாய் என்று நானும் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

உன் பட்டறைக்காரன்

மே 2

அன்புள்ள உங்களுக்கு,

நேற்று மேசையில் என் படத்தைக் கண்டதும், "இது நம்ம வீட்டம்மா எடுத்தது! தண்ணி வத்தின ஏரின்னா அவளுக்கு உயிரு!" என்று கத்தினீர்கள். எல்லோரும் கைதட்டினார்கள். ஏதோ சொல்ல வாயெடுத்த பல் டாக்டர் உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கும்மா" என்றார்.

அது நல்ல படம் இல்லை. எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். பெருமையில்தானே சொன்னீர்கள், திட்டவும் மனம் வரவில்லை. ஆனால் அந்த அறையில் நான் யாருடைய வீட்டம்மாவும் இல்லாமல் இருந்தேன். இனி அங்கே போகப் பிடிக்கவில்லை.

இப்படிக்கு,
நான்

ஜூலை 19

என் வாயாடிக்கு,

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். கெட்டுவிட்டேன். எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டேன், பல் டாக்டரிடம்கூட. வேனில் உன் இடம் காலியாகவே வருகிறது.

ஒன்று சொல்ல வேண்டும், சொல்லவும் வெட்கமாக இருக்கிறது. நான் எடுத்த ஆற்று வளைவுப் படத்தைக் கண்காட்சிக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். இரும்புக் கதவைத் தவிர இந்தக் கை வேறொன்றும் செய்ததில்லை. முதலில் உன்னிடம்தான் சொல்லத் தோன்றியது.

நான் நின்றுவிடுகிறேன், நீ போ. ஒரு வரி எழுதிப் போடு.

உன் பட்டறைக்காரன்

ஆகஸ்ட் 30

அன்புள்ள உங்களுக்கு,

நிற்க வேண்டாம், நீங்களே போங்கள். நான் தனியாக ஏரிக்குப் போய்ப் பார்த்தேன். கேமராவில் கண் வைத்ததும், இதைப் பார்த்து நீங்கள் என்ன சொல்வீர்கள் என்றுதான் மனதில் ஓடியது. எடுக்காமல் வந்துவிட்டேன். அதற்குப் பிறகும் இரண்டு தடவை போனேன், அதே கதை. கேமராவை விலைக்குக் கொடுத்துவிட்டேன்.

நீங்கள் கிளம்பிப் போன பிறகு கண்காட்சிக்கு வந்தேன். உங்கள் படத்தின் கீழ்ப்பகுதியில் இருட்டு அதிகம். வலது ஓரத்தைக் கொஞ்சம் வெட்டினால் ஆறு இன்னும் தூரம் போகும். வானம் மட்டும் நான் இதுவரை பார்க்காத வானம். வெகுநேரம் பார்த்தேன்.

வீட்டுக்கு வர மாட்டேன். பதில் எழுத வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வேன் சீக்கிரமே கிளம்பிவிடும், தூங்கிவிடாதீர்கள்.