நாலு கம்பி ஃபேன்

ஷமீமா தன் ஆய்வேட்டை இன்று மதியத்துக்குள் ஸ்ரீவில்லிபுத்தூரில் கொடுக்க வேண்டும். நேற்று மாலை கணவன் அஃப்சல் கம்ப்யூட்டருக்குள் புது ஃபேன் மாட்டிய பிறகு அது ஓடவே இல்லை. "ஒன் படிப்பாலதான் மிசின் போச்சு" என்று கத்திய அவன், விடிந்ததும் மெக்கானிக்கைத் தேடி ராஜபாளையம் பஜாருக்குப் போய்விட்டான். அவள் தானே மூடியைக் கழற்றிப் பார்த்தாள். பஸ்ஸுக்குக் கிளம்புமுன் அவனுக்கு எழுதி வைத்தாள்:

"மச்சான், மிசின் ஓடிருச்சு. போர்டு போகல. புது ஃபேன் வயரு முனையில நாலு ஓட்டை இருக்கு. நீங்க அதை மூணு கம்பி இருக்குற இடத்துல சொருவிட்டிய. அதான் ஃபேனே இல்லைன்னு நெனச்சு மிசின் நின்னுருச்சு. பக்கத்துலயே சிபியு ஃபேன்னு எழுதி நாலு கம்பி நிக்குது, மிசின் அங்கதான் ஃபேனைத் தேடும். அதுல மாத்தினேன், சத்தமில்லாம சுத்துது. மூணு வருசமா எழுதுனது அம்புட்டும் அப்படியே இருக்கு. பென் டிரைவ்ல எடுத்துட்டுப் போறேன்.

மெக்கானிக் வந்தா டீ குடுத்து அனுப்புங்க. பெட்டியத் தொட விடாதிய. மீன் ஆணம் அடுப்படில இருக்கு, சோத்துல ஊத்திக்கங்க."

தாளில் இடம் தீர்ந்ததும் ஓரத்தில் நுணுக்கி எழுதினாள்:

"நேத்து நீங்க கத்துன கோவத்துல, ஆய்வேட்டுல நன்றி சொல்ற பக்கத்துல இருக்குற ஒங்க பேரை அழிக்கத்தான் உக்காந்தேன். அப்பவும் மிசின் ஓடல. இன்னைக்கு ஓடுச்சு, அழிக்க மனசு வரல."